கடல் விட்டுச் சென்ற கசப்பு உப்பு: கீசரைட்

தோட்டங்களில் உரம் போடும் காலம் வந்தால், உரக் கொட்டகையிலிருந்து பலவகைச் சாக்குகள் வெளியே வருகின்றன. அவற்றுள் யூரியா ஆலையில் செய்யப்படுவது. பாஸ்பேட் உரம் பாறையை அரைத்துப் பெறப்படுவது. இவற்றோடு சில தோட்டங்களில் மற்றொரு சாக்கும் வருகின்றது. அதனுள் சாம்பல் கலந்த வெண்ணிறத் தூளோ, சிறு குருணைகளோ இருக்கும். சாக்கின் மீது ‘கீசரைட்’ என்னும் பெயர் காணப்படும். அச்சொல் தமிழும் அன்று, மலாயும் அன்று. அது ஒரு ஜெர்மானிய மருத்துவரின் பெயரிலிருந்து பிறந்தது.

கீசரைட் ஒரு கனிமம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் வற்றிப்போன ஒரு கடலின் எச்சம். அது எவ்வாறு தோன்றியது, எங்கே கிடைக்கின்றது, அதன் பண்புகள் யாவை, நமது பால்மரத்திற்கு அது ஏன் வேண்டும் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம். ஓர் உண்மையை மட்டும் தொடக்கத்திலேயே மனத்திற் கொள்ளுதல் நலம். நீர் விலகியதால் பிறந்த பொருள் கீசரைட். நீர் நெருங்கினால் வேறு பொருளாக மாறிவிடும். அதனைக் கையாளும் முறை முழுவதும் இந்த ஓர் உண்மையைச் சார்ந்தே அமைகின்றது.

கடல் நீர் வற்றும்போது நிகழ்வது யாது?

ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. அவற்றுள் பெரும்பங்கு நாம் உண்ணும் உப்பேயாகும். எஞ்சியவை சுண்ணாம்பு, மக்னீசியம், பொட்டாசியம், கந்தகம் முதலியவற்றைக் கொண்ட பிற உப்புகள். மக்னீசியம் மட்டும் லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிராம் உள்ளது.

ஒரு தட்டில் கடல் நீரை ஊற்றி வெயிலில் வைத்தால், இவ்வுப்புகள் யாவும் ஒரே நேரத்தில் படிவதில்லை. எளிதிற் கரையாத உப்பு முதலில் படிகின்றது. எளிதிற் கரைவது இறுதிவரை நீரிலேயே தங்குகின்றது. முதலில் சுண்ணாம்புப் பொருள் சிறிதளவு படியும். நீர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்தபின் ஜிப்சம் படியத் தொடங்கும். பத்தில் ஒரு பங்காகக் குறைந்தபின் சாப்பாட்டு உப்பு படியும். மிகச் சிறிதளவு நீரே எஞ்சும் நிலையில்தான் மக்னீசியமும் பொட்டாசியமும் சேர்ந்த கசப்பு உப்புகள் வெளிப்படுகின்றன. இவ்வாறு நீர் ஆவியாவதால் தோன்றும் படிவுகளை ஆவியுப்புப் படிவுகள் என்று அழைக்கின்றோம்.

இக்கசப்பு நமக்குப் புதியதன்று. சமையலறையில் கல்லுப்புச் சாடியை மழைக்காலத்தில் திறந்து பார்த்தால், உப்பு ஈரமாகிக் கசிந்திருக்கும். தூய உப்பு அவ்வளவு எளிதில் கசியாது. கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மக்னீசிய உப்பே காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிவை உண்டாக்குகின்றது. உப்பளங்களில் உப்பை வாரிய பின் மிஞ்சும் கசப்பு நீரை வேறாக வடித்துவிடுவதும் இக்காரணம் பற்றியே.

இயற்கையில் ஒரு கடல் இந்தக் கடைசி நிலை வரை வற்றுவது மிக அரிது. பெரும்பாலும் இடையில் புதுக் கடல் நீர் உள்ளே புகும். அல்லது மழை பெய்து உப்புகளை மீண்டும் கரைத்துவிடும். அதனாலேயே ஜிப்சமும் கல்லுப்பும் உலகிற் பல இடங்களில் கிடைக்க, கடைசியிற் படியும் மக்னீசிய சல்பேட் கனிமங்கள் மிகச் சில இடங்களிலேயே காணப்படுகின்றன.

மண்ணுக்கடியில் காக்கப்பட்ட உப்பு

ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்தின் கிழக்குப் பகுதி தொடங்கி ஜெர்மனி வழியாகப் போலந்து வரையில் ஒரு கடல் பரவியிருந்தது. அறிவியலார் அதனைச் செக்ஸ்டைன் கடல் என்று குறிப்பிடுகின்றனர். அக்காலத்தில் அந்நிலம் வறண்டு வெப்பமாக இருந்தது. பெருங்கடலுடன் அதற்கிருந்த தொடர்பு மிகக் குறுகியது. ஆகவே அக்கடல் மீண்டும் மீண்டும் வற்றியது; மீண்டும் மீண்டும் நிரம்பியது. ஒவ்வொரு முறையும் உப்பு அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்தன. சில முறை கடல் முற்றிலும் வற்றி, மேலே கசப்பு உப்புகளும் படிந்தன.

பின்னர் அவற்றின் மீது களிமண் அடுக்கு மூடியது. நீர் புகாத அக்களிமண்ணே கசப்பு உப்புகளைக் கரையாமற் காத்தது. அதற்கு மேலும் பாறைகள் படிய, உப்பு அடுக்குகள் ஆழத்திற் புதைந்து வெப்பமடைந்தன. வெப்பத்தால் மக்னீசிய சல்பேட் தன்னுள் இருந்த நீரிற் பெரும்பங்கை இழந்தது. இவ்வாறு நீரை இழந்து, ஒரே ஒரு நீர் மூலக்கூறை மட்டும் தன்னுடன் வைத்துக்கொண்ட மக்னீசிய சல்பேட்தான் கீசரைட். ஆழத்தின் வெப்பத்தாலன்றி, மிகச் செறிந்த மக்னீசிய உப்பு நீரிலிருந்து நேரடியாகவும் அது தோன்றுவதுண்டு.

எறியப்பட்ட உப்புக்குக் கிடைத்த பெயர்

ஜெர்மனியில் ஸ்டாஸ்புர்ட் என்னும் ஊர் பழங்காலந்தொட்டு உப்பூற்றுகளுக்குப் பெயர்பெற்றது. 1839ஆம் ஆண்டில் அங்கே கல்லுப்பைத் தேடி நிலத்தைத் துளையிடத் தொடங்கினர். 1850களில் சுரங்கம் தோண்டியபோது, கல்லுப்புக்கு மேலே நிறமும் கசப்பும் கொண்ட வேறு உப்புகள் கிடைத்தன. சமையலுக்கு உதவாத அவற்றை அகற்றிப் போட வேண்டிய கழிவு என்றே மக்கள் கருதினர். அப்பொருள்பட ஒரு பெயரும் இட்டனர்.

ஆயினும் அக்கழிவில் பயிருக்கு வேண்டிய பொட்டாசியம் இருப்பதை வேதியியலார் கண்டறிந்தனர். 1861ஆம் ஆண்டில் அடால்ப் பிராங்க் என்பவர் ஸ்டாஸ்புர்ட்டில் பொட்டாசிய உர ஆலையை நிறுவினார். அதே ஆண்டில் ரைக்கார்ட் என்னும் வேதியியலார் அங்குக் கிடைத்த மக்னீசிய சல்பேட் கனிமத்திற்குக் கீசரைட் என்று பெயரிட்டார். மருத்துவரும், லியோபோல்டினா என்னும் ஜெர்மானிய அறிவியல் கழகத்தின் தலைவராக விளங்கியவருமான கீசர் என்பாரைச் சிறப்பித்து இட்ட பெயர் அது. தூக்கி எறியப்பட்ட பொருள் பயிரின் உணவாக உயர்ந்த வரலாறு இதுவே.

கீசரைட்டின் பண்புகள்

தூய கீசரைட் நிறமற்றது. பெரும்பாலும் வெண்மை, சாம்பல், வெளிர் மஞ்சள் ஆகிய நிறங்களிற் கிடைக்கின்றது. அழகிய தனிப் படிகங்களாகக் காண்பது அரிது. மணல் இறுகியது போன்ற குருணைக் கட்டிகளாகவே காணப்படும். அதன் கடினம் மோஸ் அளவையில் 3.5 ஆகும். அதாவது நகத்தாற் கீறினால் கோடு விழாது; கத்தியாற் கீறினால் விழும். ஒரு கன சென்டிமீட்டர் கீசரைட்டின் எடை ஏறத்தாழ 2.57 கிராம். அதே அளவு கல்லுப்பின் எடை 2.16 கிராமே.

தூய கீசரைட்டில் மக்னீசியம் ஏறத்தாழ 17.6 விழுக்காடும், கந்தகம் 23 விழுக்காடும், நீர் 13 விழுக்காடும் உள்ளன. உரச் சாக்குகளில் மக்னீசியத்தை மக்னீசிய ஆக்சைடாகக் கணக்கிட்டுக் குறிப்பது வழக்கம். அக்கணக்கின்படி தூய கீசரைட்டில் 29 விழுக்காடு உண்டு. உரமாக விற்கப்படுவதில் பிற உப்புகளும் சிறிது கலந்திருப்பதால், அது 25 முதல் 27 விழுக்காடு வரை இருப்பது இயல்பு.

இதற்கு நெருங்கிய உறவான மற்றொரு பொருள் எப்சம் உப்பு. முன்னாளில் தோட்டத்து மருந்தகங்களில் ‘பேதி உப்பு’ என்று கொடுக்கப்பட்டது அதுவே. அதுவும் மக்னீசிய சல்பேட்தான். ஆனால் கீசரைட்டில் ஒரு நீர் மூலக்கூறு இருக்க, எப்சம் உப்பில் ஏழு நீர் மூலக்கூறுகள் உள்ளன. ஆகவே 100 கிலோ எப்சம் உப்பில் 51 கிலோ வெறும் நீரேயாகும். கப்பலில் ஏற்றி நெடுந்தூரம் கொண்டுவரும்போது, நீருக்கும் கூலி கொடுப்பதில் பயனில்லை. கீசரைட் உரமாக விரும்பப்படுவதற்கு இது ஒரு காரணம்.

கீசரைட் குளிர்ந்த நீரில் மெதுவாகவே கரைகின்றது. அன்றியும், ஈரக் காற்றுப் பட்டால் நீரை ஈர்த்துக்கொண்டு படிப்படியாக எப்சம் உப்பாக மாறத் தொடங்குகின்றது. 50 கிலோ தூய கீசரைட் முற்றிலும் எப்சம் உப்பாக மாறினால், அதன் எடை 89 கிலோவாக உயரும்; ஆனால் மக்னீசியத்தின் அளவு சற்றும் கூடியிராது. அருங்காட்சியகங்களிற் கீசரைட் துண்டுகளைக் காற்றுப் புகாத பெட்டியில் வைக்கத் தவறினால், அவற்றின் மேல் வெண்பொடி பூத்துவிடும். அரைத்த கீசரைட்டுடன் சிறிதளவு நீரைச் சேர்த்தால், சிமெண்டு போன்று இறுகிவிடும் இயல்பும் அதற்கு உண்டு.

எங்கெங்கே கிடைக்கின்றது?

இயற்கைக் கீசரைட்டின் மிகப் பெரிய படிவுகள் ஜெர்மனியிலேயே உள்ளன. இன்று வெர்ரா ஆற்றுப் பகுதியிலுள்ள சுரங்கங்கள் பெயர்பெற்றவை. அங்குக் கல்லுப்பும் பொட்டாசிய உப்பும் கீசரைட்டும் ஒன்றாய்க் கலந்த பாறை தோண்டி எடுக்கப்படுகின்றது. ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்துக் கார்ல்ஸ்பாட் ஆகிய இடங்களிலும் இக்கனிமம் காணப்படுகின்றது.

நமது அண்டை நாடான தாய்லாந்திலும், லாவோசிலும் கோராட் மேட்டு நிலத்தின் அடியில் மிகப் பெரிய உப்பு அடுக்குகள் உள்ளன. அங்கே பொட்டாசியமும் மக்னீசியமும் மிகுதியாக இருந்தும், அவை குளோரைடு உப்புகளாகவே உள்ளன. மக்னீசிய சல்பேட் கனிமங்கள் அங்கு இல்லாமையை நில இயலார் ஒரு தனிச் சிறப்பாகவே குறிப்பிடுகின்றனர். கடல் வற்றினால் மட்டும் போதாது, எஞ்சிய நீரின் தன்மையும் பொருந்த வேண்டும் என்பது இதனால் விளங்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் நமது நாட்டில் இத்தகைய உப்பு மண்ணின் மேல் தங்குவதற்கு வழியே இல்லை.

பூமிக்கு வெளியிலும் கீசரைட் உண்டு. செவ்வாய்க் கோளைச் சுற்றிவரும் ஐரோப்பிய விண்கலம் ஒன்றிலிருந்த கருவி, அக்கோளின் பெரும் பள்ளத்தாக்குப் பகுதிகளில் கீசரைட் இருப்பதைக் காட்டியதென 2005ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இன்று வறண்டு கிடக்கும் அக்கோளில் முற்காலத்தில் நீர் இருந்தது என்பதற்கு அது ஒரு சான்றாக அமைந்தது.

பாறையிலிருந்து பிரித்தெடுக்கும் முறை

கலந்து கிடக்கும் மூன்று உப்புகளை எவ்வாறு பிரிப்பது? பழைய முறையில், அரைத்த பாறையை நீரிற் கழுவினர். கல்லுப்பு விரைந்து கரைந்தோடும். மெதுவாகக் கரையும் கீசரைட் அடியில் தங்கும். கீசரைட்டின் மந்தமான கரையும் தன்மையே இங்குப் பயன்பட்டது.

1970களில் ஜெர்மனியில் நீரின்றிப் பிரிக்கும் முறை நடைமுறைக்கு வந்தது. தலை வாரிய பிளாஸ்டிக் சீப்பு சிறு காகிதத் துண்டுகளை இழுப்பதை நாம் பார்த்திருக்கின்றோம். அதே தத்துவந்தான் இங்கும். அரைத்த உப்புத் துகள்கள் மின்னேற்றம் பெறுமாறு செய்யப்பட்டு, உயர் மின்னழுத்தத் தகடுகளுக்கு நடுவே விழவிடப்படுகின்றன. ஒருவகை உப்பு ஒரு பக்கமும் மற்றொரு வகை மறு பக்கமும் இழுக்கப்பட்டுப் பிரிகின்றன. இம்முறையால் உப்பு நீர்க் கழிவு குறைந்தது. எனினும் சுரங்கத் தொழிலின் சுமை முற்றிலும் நீங்கவில்லை. வெர்ரா ஆற்றில் உப்பு கலந்ததும், ஹெரிங்கன் என்னும் ஊரருகே 200 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் கழிவு உப்பு மலையும் அந்நாட்டு மக்கள் நெடுநாள் வாதாடும் செய்திகளாக உள்ளன. ஆகவே ஒரு சாக்கு கீசரைட்டை வீணாக்குவது பண இழப்பு மட்டுமன்று.

அண்மைக் காலத்தில், மக்னீசியத் தாதுப் பொருள்களுடன் கந்தக அமிலத்தைச் சேர்த்து ஆலையிற் செய்யப்படும் கீசரைட்டும் விற்பனைக்கு வருகின்றது. ஆகையால் சாக்கின் மீதுள்ள விழுக்காட்டைப் படித்தறிவது இன்றியமையாதது.

பால்மரத்திற்கு மக்னீசியம் எதற்கு?

இலையின் பச்சை நிறத்திற்குக் காரணமான பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூற்றின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு இருக்கின்றது. மக்னீசியமின்றிப் பச்சையம் இல்லை. பச்சையமின்றி வெயிலைக் கொண்டு உணவு ஆக்குதல் இல்லை. உணவின்றி மரத்தின் வளர்ச்சியும் இல்லை, பாலும் இல்லை. நமது நாட்டின் கனமழை மண்ணிலுள்ள மக்னீசியத்தை இடைவிடாது கழுவிச் செல்கின்றது. மணற்பாங்கான நிலங்களில் இக்குறை விரைவில் தோன்றும்.

மக்னீசியம் குறைந்தால், மரம் பழைய இலைகளிலுள்ளதை எடுத்துப் புதிய இலைகளுக்கு அனுப்புகின்றது. ஆகவே குறையின் அடையாளம் முதிர்ந்த இலைகளில், அதிலும் வெயில் நேரே படும் இலைகளில் முன்னதாகத் தோன்றுகின்றது. நரம்புகள் பச்சையாகவே இருக்க, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகும். பார்ப்பதற்கு மீனின் முள்ளெலும்பு போன்றிருக்கும். பொட்டாசியம் குறைந்தாலோ மஞ்சள் நிறம் இலையின் நுனியிலும் விளிம்பிலும் படர்ந்து, பின்னர் அவ்விடம் கருகும். தழைச்சத்துக் குறைந்தால் இலை முழுவதும் ஒரே சீராக வெளிறும். 1925ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இவ்வடையாளங்களை விரிவாக ஆராய்ந்தது. ஷோராக்ஸ் என்பார் இதுபற்றி எழுதிய நூலை 1964ஆம் ஆண்டில் அக்கழகம் வெளியிட்டது. 1998ஆம் ஆண்டில் அக்கழகம் மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்தது.

நமது நாட்டிற் கிடைக்கும் மக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூளும் மக்னீசியம் தருவதே. அது விலை குறைந்தது. ஆனால் மிக மெதுவாகப் பயன் தருவது. மண்ணின் புளிப்பையும் அது குறைத்துவிடும். கீசரைட் மண்ணின் புளிப்பை மாற்றுவதில்லை; மண்ணின் ஈரத்திற் கரைந்து விரைவில் வேருக்கு எட்டுகின்றது.

மிகுந்தாலும் கேடு

குறைந்தால் தீங்கு என்பதால், மிகுதியாகப் போட்டால் நன்மை என்று எண்ணலாகாது. மரப்பாலில் மக்னீசியம் மிகுந்தால், பாலின் நிலைத்த தன்மை கெடுகின்றது. பால் நிலையத்தை அடையுமுன்னரே கோப்பையிலோ வாளியிலோ பால் உறையக்கூடும். நல்ல பாலாக எடை போடப்பட வேண்டியது கட்டிப்பாலாகக் குறைந்த விலைக்குப் போகும். அந்த இழப்பு, விடியுமுன் எழுந்து மரம் வெட்டியவரின் வருமானத்தையும் தொடுவதன்றோ? ஆலைகளில் செறிவூட்டிய பால் செய்வோர் மிகுதியான மக்னீசியத்தை நீக்க டைஅமோனியம் பாஸ்பேட் சேர்த்து, அடியில் தங்கும் வண்டலைப் பிரித்தெடுக்கின்றனர். அதற்கும் செலவு உண்டு.

மேலும் மண்ணில் மக்னீசியம் மிகுந்தால் மரம் பொட்டாசியத்தை உறிஞ்சுவது தடைப்படும். ஆகவேதான் இலையையும் மண்ணையும் ஆய்வுக்கு அனுப்பி உர அளவு முடிவு செய்யப்படுகின்றது. உரம் போடுவோர் அளவுக் குவளையைத் தலைதட்டிப் போடுவது வெறுங்கட்டளையன்று. அந்த ஆய்வைக் காட்டில் நிறைவேற்றும் செயலாகும்.

உரக் கொட்டகையில் கவனிக்க வேண்டியவை

கீசரைட்டின் பண்புகளை அறிந்தவர்க்குப் பின்வரும் விதிகள் தாமே விளங்கும்.

1. சாக்குகளை ஈரத்தரையில் வைக்கலாகாது. மரச்சட்டங்களின் மீது, சுவரை ஒட்டாமல், ஒழுகாத கூரையின் கீழ் அடுக்குக.

2. முன்னர் வந்த சாக்கை முன்னர் எடுத்துப் பயன்படுத்துக. பிரித்த சாக்கை அன்றே முடித்துவிடுக. மிஞ்சினால் வாயை இறுகக் கட்டுக.

3. கட்டி பிடித்த உரத்தை உடைத்துச் சலித்த பின்னரே அளக்க வேண்டும். உடைக்காத கட்டி ஒரு மரத்திற்கு மிகுதியாகவும் அடுத்த மரத்திற்குக் குறைவாகவும் போய்ச் சேரும்.

4. ஈரம் ஏறிய உரம் எடை கூடியிருக்கும், சத்துக் கூடியிராது. இதனை மேற்பார்வையாளரிடம் தெரிவித்தல் நன்று.

5. களை நீக்கிய இடத்தில் பரவலாகத் தூவுக. ஓரிடத்திற் குவித்தால் வேர் தாக்குறும். கொட்டும் மழையிலும், காய்ந்து வெடித்த மண்ணிலும் போடலாகாது.

6. தூவும்போது தூள் கண்ணிலும் மூக்கிலும் படாமல் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க. வேலை முடிந்தபின் கைகளைக் கழுவுக.

7. கீசரைட்டும் பேதி உப்பும் உறவுடையவை என்பதால், உரத்தை மருந்தாக எவரும் உட்கொள்ளலாகாது. உரம் மருந்துக்கெனத் தூய்மை செய்யப்பட்டதன்று. காலிச் சாக்குகளில் அரிசியோ பிற உணவுப் பொருளோ வைத்தலும் கூடாது.

எளிய சோதனை

வெண்ணிற உரங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய, மூன்று கண்ணாடிக் குவளைகளில் நீர் ஊற்றி, யூரியா, கீசரைட் தூள், மக்னீசியச் சுண்ணாம்புக்கல் தூள் ஆகியவற்றை ஒவ்வொரு கரண்டி போட்டுக் கலக்குக. யூரியா விரைவிற் கரைந்து, குவளை குளிரும். கீசரைட் அடியில் தங்கி மெல்ல மெல்லக் கரையும். சுண்ணாம்புக்கல் தூள் கரையாமலே கிடக்கும். சுவைத்துப் பார்த்து அறிய முயலுதல் கூடாது. சோதனைக்குப் பின் அக்குவளைகளை உணவுக்குப் பயன்படுத்தலாகாது.

பாடச் சுருக்கம்

கீசரைட், வற்றிய கடலின் கடைசி உப்புகளுள் ஒன்று. அது ஒரு நீர் மூலக்கூறு சேர்ந்த மக்னீசிய சல்பேட். வறண்ட காலநிலை, ஆழத்தின் வெப்பம், நீர் புகாத களிமண் மூடி ஆகியவை ஒருங்கே அமைந்த இடங்களிலேயே பெரும்பாலும் அது நிலைத்தது. ஆகையால் உலகிற் சில இடங்களுக்கே அது உரியதாயிற்று. களிமண் 25 கோடி ஆண்டுகள் உலர்வாகக் காத்த பொருளை, காட்டுக்குப் போகும் நாள்வரை உலர்வாகக் காப்பது இப்போது நமது பொறுப்பு.

பயிற்சி வினாக்கள்

1. கடல் நீர் வற்றும்போது உப்புகள் எந்த வரிசையிற் படிகின்றன? அதற்குக் காரணம் யாது?

2. 100 கிலோ எப்சம் உப்பு, 100 கிலோ கீசரைட் ஆகிய இரண்டில் மக்னீசியம் மிகுந்தது எது? ஏன்?

3. மக்னீசியக் குறைவையும் பொட்டாசியக் குறைவையும் இலையைப் பார்த்து எவ்வாறு பிரித்தறிவீர்?

4. உங்கள் தோட்டத்து உரக் கொட்டகையில் சாக்குகள் ஈரம் படாதவாறு வைக்கப்பட்டுள்ளனவா? இல்லையெனில் செய்ய வேண்டியவை யாவை?